கண்காணிப்பு கேமராவுக்கு ரெக்கார்டரும் மென்பொருளும் தேர்ந்தெடுப்பது எப்படி: வீட்டுக்கும் தொழிலுக்கும் முழுமையான வழிகாட்டி

திரையில் ஒன்பது கட்டங்கள். ஒன்பதிலும் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு பூட்டு உடைபட்ட கிடங்கு அது. காட்சியை எடுத்துத் தர வேண்டும் என்று நண்பர் கூப்பிட்டிருந்தார். ரெக்கார்டரில் நாள்காட்டியைத் திறந்தேன். பதிவு உள்ள நாளின் மூலையில் ஒரு சிறிய நீல முக்கோணம் தெரிய வேண்டும். அந்த மாதம் முழுக்க ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஐந்து மாதத்துக்கு முன்னால்தான் கடைசி முக்கோணம் கண்ணில் பட்டது. ஹார்டு டிஸ்க் அன்றே செத்துப்போயிருக்கிறது. நேரலைப் படம் காட்ட ஹார்டு டிஸ்க் தேவையில்லை என்பதால் திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. டிஸ்க் பழுதானதும் பெட்டி விடாமல் ஒலி எழுப்பியிருக்கிறது. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று யாரோ அமைப்புக்குள் போய் அதை நிறுத்திவிட்டிருக்கிறார்கள்.

நண்பர் ஒன்றும் பேசவில்லை. கேமராவைப் பல நாள் அலைந்து பார்த்துப் பார்த்து வாங்கியவர் அவர். பதிவுப் பெட்டியை மட்டும் "கூட வருவதையே கொடுங்கள்" என்று வாங்கியிருந்தார். பெரும்பாலோர் செய்வதும் அதுதான். ஆனால் ஏதாவது நடந்த மறுநாள் காலையில் நாம் தேடுவது பதிவை. அந்த மறுநாளில் நம்மை நிறுத்திக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி யோசித்து ரெக்கார்டரையும் மென்பொருளையும் தேர்ந்தெடுக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மறுநாள் காலையில் என்ன கேட்பீர்கள்?

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு வரி. அந்த வரியில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இந்த இடத்தில் யாரை, எந்தத் தெளிவில் பார்க்க வேண்டும்? நடந்தது எத்தனை நாள் கழித்து என் கவனத்துக்கு வரும்?

இரண்டாவது கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. வீட்டு வாசலில் வண்டி காணாமல் போனால் காலையிலேயே தெரிந்துவிடும். 7 முதல் 14 நாள் பதிவு போதும். சரக்குக் கணக்கு மாதக் கடைசியில்தான் எடுக்கப்படுகிறது என்றால், மாதத் தொடக்கத்தில் நடந்த திருட்டு 30 நாள் கழித்துத்தான் வெளிப்படும். அங்கே 30 நாள் வைத்தால் போதாது. 45 நாளாவது வேண்டும். நீண்ட விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். சில தொழில்களில் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும், எத்தனை நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று சட்டமே சொல்லும். உங்கள் தொழிலுக்கு அப்படி விதி உண்டா என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தெளிவுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று கணக்கிடச் சொல்கிறது. யாரோ ஒருவர் இருக்கிறார் என்று தெரிய 25 பிக்சல் போதும். உடை, அசைவு போன்ற பொது அடையாளங்கள் தெரிய 62. ஏற்கெனவே தெரிந்த ஆளா என்று சொல்ல 125. முன்பின் தெரியாதவரை ஐயமில்லாமல் அடையாளம் காட்ட 250.

இதை உங்கள் வாசலில் பொருத்திப் பாருங்கள். 1080பி கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250-ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அதாவது ஆள் நிற்கும் தூரத்தில் படத்தின் அகலம் 7.68 மீட்டருக்குள் இருந்தால்தான் முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியும். 10 மீட்டர் அகலமுள்ள வாயிலை அதே கேமரா முழுவதுமாகக் காட்டினால் மீட்டருக்கு 192 பிக்சல்தான் கிடைக்கும்; அண்டை வீட்டுக்காரரைத் தெரியும், அந்நியரின் முகம் உறுதியாகாது. 3840 பிக்சல் அகலமுள்ள 4கே கேமரா என்றால் 15.36 மீட்டர் வரை தாங்கும். எந்தக் கேமராவுக்கு எந்த அளவு என்று இப்படி முடிவு செய்த பிறகுதான், ரெக்கார்டர் எவ்வளவு தரவைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பது தெரியவரும்.

படி 2: இடக் கணக்கை நீங்களே போடுங்கள்

விற்பவர் "ஒரு மாதம் வரும்" என்பார். எந்த அமைப்பில் வரும் என்று சொல்லமாட்டார். இந்தக் கணக்குக்கு ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்: வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் நாள் முழுவதும் பதிவானால் 10.8 ஜிகாபைட் ஆகும்.

இந்த வேகத்துக்குத்தான் பிட்ரேட் என்று பெயர். கேமராவின் அமைப்புப் பக்கத்தில் அதை நீங்களே வைக்கலாம். எட்டு கேமராக்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32 மெகாபிட். 10.8-ஆல் பெருக்கினால் நாளுக்கு 345.6 ஜிகாபைட். 30 நாளுக்கு 10,368 ஜிகாபைட், அதாவது 10.4 டெராபைட். இதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். பெட்டியில் 8 டெராபைட் என்று அச்சிட்ட டிஸ்க்கைக் கணினியில் போட்டால் 7.27 என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், கணினி 1024-ஆல் கணக்கிடுகிறது. ஆகவே இந்த எடுத்துக்காட்டுக்கு இரண்டு 8 டெராபைட் டிஸ்க் வாங்கினால் நிம்மதி.

பிட்ரேட்டைக் குறைக்கச் சரியான வழிகளும் உண்டு, தவறான வழிகளும் உண்டு. சரியான வழிகளில் முதலாவது, எச்.265 சுருக்க முறை. 2003-இல் வந்த எச்.264-ஐவிட 2013-இல் வந்த இது, ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தர முயல்கிறது. நடைமுறையில் முழுப் பாதி எப்போதும் கிடைப்பதில்லை என்றாலும் மிச்சம் கணிசமானது. அடுத்தது, ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் பதிவாகிறது என்பது. திரைப்படம் போல வழவழப்பாக ஓட வேண்டிய அவசியம் கண்காணிப்புக் காட்சிக்கு இல்லை. வினாடிக்கு 12 முதல் 15 ஃபிரேம் போதும். பணம் கைமாறும் மேசைக்கு மட்டும் 20, 25 வைக்கலாம். விரல்களின் அசைவு அங்கே முக்கியம்.

தவறான வழி, தெளிவு 4கே என்று வைத்துவிட்டு பிட்ரேட்டை 2 மெகாபிட்டுக்கு இறுக்குவது. பகலில் நன்றாகத் தெரியும். இரவில் இருட்டின் புள்ளி இரைச்சல் படம் முழுக்கச் சலசலக்கும். அந்தச் சலசலப்பை எழுதவே பிட்ரேட் தீர்ந்துபோய், நடந்து போகிறவரின் முகம் கட்டம் கட்டமாகக் கரைந்துவிடும். எனவே பிட்ரேட்டை இரவில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒருவரை வாசலில் நடக்கச் சொல்லி, பதிவை எடுத்து, ஓடுவதை நிறுத்தி முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேரலையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்வது இடத்தை நிறைய மிச்சப்படுத்தும். ஆனால் நான் அதைத் தனியாக நம்புவதில்லை. மெல்ல ஊர்ந்து வருபவரை அசைவுக் கணிப்பு விட்டுவிடலாம். தொடக்கத்தின் இரண்டு வினாடி வெட்டுப்பட்டுப் போகலாம். பெரும்பாலான கேமராக்கள் ஒரே நேரத்தில் இரண்டு வீடியோ ஓடைகளைத் தருகின்றன: முழுத் தெளிவுள்ள முதன்மை ஓடை, சிறிய துணை ஓடை. துணை ஓடையை நாள் முழுவதும் பதிந்து, அசைவு வந்தால் முதன்மை ஓடையைப் பதியும் வசதி உள்ள ரெக்கார்டரோ மென்பொருளோ கிடைத்தால் அதுவே சிறந்த சமரசம். அசைவுக்கு முன்னால் 5 அல்லது 10 வினாடியையும் சேர்த்துப் பதியும் அமைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 3: எந்த வகைப் பெட்டி?

பழைய கட்டடத்தில் ஏற்கெனவே கோஆக்சியல் கேபிள் (கேபிள் டிவிக்கு வருவது போன்றது) ஓடியிருக்கிறது, சுவரை உடைக்க முடியாது என்றால் டிவிஆர். கேமராவிலிருந்து வரும் சமிக்ஞையைப் பெட்டியே சுருக்கிப் பதிகிறது. எச்டி-டிவிஐ, எச்டி-சிவிஐ, ஏஎச்டி என மூன்று சமிக்ஞை வகைகள் இங்கே பரவலாக உள்ளன. மூன்றையும் ஏற்கும் பெட்டியாக வாங்கினால் பின்னால் கேமரா மாற்றும்போது சிக்கல் இல்லை. ஒரு பொறியைக் கவனியுங்கள். சில டிவிஆர்களின் விவரப் பட்டியலில் "1080பி லைட்" என்று இருக்கும். அது 960×1080, அகலத்தில் பாதிப் பிக்சல்தான். சற்றுமுன் போட்ட கணக்கின்படி, முகத்தை அடையாளம் காட்டும் அகலம் 7.68 மீட்டரிலிருந்து 3.84 மீட்டராகச் சுருங்கிவிடும். கேமரா நல்லதாக இருந்தும் பதிவு மங்கலாக இருக்கிறதே என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

புதிதாக அமைக்கிறீர்கள் என்றால் என்விஆர். இங்கே கேமராவே படத்தைச் சுருக்கி நெட்வொர்க் கேபிளில் அனுப்புகிறது. பெட்டி வாங்கி எழுதுகிறது. அதே கேபிளில் மின்சாரமும் போகும் பிஓஇ முறையில் ஒரு கேமராவுக்கு ஒரே கம்பி. நான்கு முதல் எட்டு கேமரா உள்ள வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும், கேமராவின் அதே நிறுவனத்து என்விஆர் வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். பிஓஇ வசதி உள்ளேயே இருக்கும் பெட்டிகள் கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் வைத்துக்கொள்கின்றன. வீட்டு இணையத்தோடு அவை நேராகக் கலப்பதில்லை. பாதுகாப்புக்கு இது பெரிய உதவி.

மூன்றாவது வழி, கணினியில் மென்பொருள் போட்டு அதையே ரெக்கார்டராக்குவது. வெவ்வேறு நிறுவனக் கேமராக்கள் கலந்திருந்தாலும், தேடும் வசதி உயர்வாக வேண்டுமென்றாலும் இதுதான் சரி. ஆனால் பராமரிக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அலுவலகம் என்விஆரோடு நிற்பது நல்லது. ஏற்கெனவே நாஸ் என்ற நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே கேமரா மென்பொருளை ஓட்டலாம். அங்கே கேமராவுக்கு ஒரு உரிமம் என்று கணக்கு வரும்.

கிளவுட் பதிவு எளிமையானது. பெட்டியைத் திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் பதிவு போகாது. ஆனால் பதிவேற்ற வேகத்தை முதலில் கணக்கிடுங்கள். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் 2 மெகாபிட் என்றால் இரவு பகலாக 8 மெகாபிட் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய 2.6 டெராபைட். பல இணைப்புகள் இதைத் தாங்கா. சந்தா நின்றால் பழைய பதிவுகள் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் படியுங்கள். முழுப் பதிவு உள்ளூரில், முக்கிய நிகழ்வுகளின் துண்டுகள் மட்டும் கிளவுடில் என்ற கூட்டு ஏற்பாடே பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும்.

கேமராவுக்குள் போடும் மைக்ரோ எஸ்டி கார்டை முதன்மைப் பதிவாக நினைக்காதீர்கள். கேமராவைப் பிடுங்கினால் பதிவும் போய்விடும். ஆனால் துணையாக அது விலைமதிப்பற்றது: நெட்வொர்க் அறுந்த அரை மணி நேரத்தைக் கார்டு பதிந்து வைத்திருக்கும்; சில என்விஆர்கள் இணைப்பு திரும்பியதும் அந்த இடைவெளியைத் தாமே எடுத்து நிரப்பிக்கொள்ளும். தொடர் எழுத்தைத் தாங்கும் கண்காணிப்பு வகைக் கார்டையே வாங்குங்கள்.

படி 4: விவரப் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள்

"8 சேனல் 4கே" என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும். உண்மை சிறிய எழுத்தில் இருக்கும்.

முதலில் உள்வரும் அலைவரிசை, அதாவது எல்லாக் கேமராவிலிருந்தும் சேர்த்து வினாடிக்கு எத்தனை மெகாபிட்டைப் பெட்டி வாங்கும் என்பது. எட்டு கேமரா ஒவ்வொன்றும் 8 மெகாபிட் அனுப்பினால் 64 வேண்டும். பெட்டியின் வரம்பு 60 என்றால், எட்டாவது கேமராவைச் சேர்க்கும்போது பெட்டி அதை ஏற்க மறுக்கும், அல்லது படம் விட்டுவிட்டு வரும். அடுத்து, திரையில் விரித்துக் காட்டும் திறன். எட்டு 4கே ஓடைகளைப் பதியும் பெட்டி, இரண்டை மட்டுமே ஒரே நேரத்தில் முழுத் தெளிவில் காட்டக்கூடும். சம்பவத்தைத் தேடும்போது நான்கு கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க முடியாமல் தவிப்பது இங்கேதான்.

பிஓஇ கணக்கு இன்னும் முக்கியம். ஐஇஇஇ 802.3ஏஎஃப் தரத்தில் கேபிள் செருகும் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை தரலாம். கேபிளில் இழப்பு போக கேமராவுக்கு 12.95 வாட் கிடைக்கும். ஆனால் எட்டுத் துளைக்கும் சேர்த்துப் பெட்டியின் மொத்த வரம்பு 75 வாட்டாக இருக்கலாம். பகலில் கேமரா 5 வாட் எடுக்கும், எட்டுக்கும் 40. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும். ஒவ்வொன்றும் 10 வாட் ஆனால் 80. மாலை ஏழு மணிக்குமேல் கடைசி இரண்டு கேமரா அணைந்து அணைந்து எழுகிறது, காலையில் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது இந்த மொத்த வாட் எண்ணைத்தான். சுழலும் கேமராவுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி (802.3at) தேவைப்படும். நெட்வொர்க் கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளைத் தவிர்த்து முழுச் செம்பு வாங்குங்கள்.

எத்தனை ஹார்டு டிஸ்க் போடலாம், ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். இப்போது ஆறு கேமரா என்றால் எட்டு சேனல் போதாது, பதினாறு வாங்குங்கள் என்பது என் கருத்து. கேமரா கூடுமே தவிர எங்கும் குறைந்து நான் பார்த்ததில்லை.

படி 5: ஹார்டு டிஸ்க்

நண்பரின் கிடங்கில் செத்துப்போனது மேசைக் கணினிக்கான சாதாரண டிஸ்க். அது ஏன் தாங்கவில்லை என்பதற்கு எண்களே பதில். படி 2-இல் போட்ட எட்டு கேமரா கணக்கில் ஆண்டுக்கு 126 டெராபைட் எழுதப்படுகிறது. சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளரே சொல்லும் ஆண்டுச் சுமை 55 டெராபைட். கண்காணிப்புக்கென்றே செய்யப்படும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் வரிசைகளுக்கு அது 180 டெராபைட். நாளின் 24 மணி நேரமும் பல ஓடைகளை எழுதிக்கொண்டே இருக்கும் வகையில் இவற்றின் உள்மென்பொருள் அமைந்திருக்கிறது. எங்காவது ஒரு துண்டைப் படிக்க முடியாவிட்டால் அதிலேயே மாட்டிக்கொண்டு பதிவைத் தடுக்காமல் மேலே போகும்.

தடங்களை ஓடுபோல ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து எழுதும் எஸ்எம்ஆர் வகையைத் தவிருங்கள். இடைவிடாத மேலெழுத்தில் அது திணறும். தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் போட்டால், அவற்றை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டு அமைக்கலாமா? வீட்டுக்குத் தேவையில்லை. பதிவு இல்லாமல் ஒரு நாளும் இருக்கக்கூடாத தொழிலுக்கு ரெய்டு 1 அல்லது ரெய்டு 6. ஒரு டிஸ்க் போனாலும் பதிவு நிற்காமல் இருப்பதற்கே ரெய்டு உதவும்; பெட்டியே திருடு போனால், தீப்பிடித்தால் அது காப்பாற்றாது. அதற்கு வேறோர் இடத்தில் நகல் இருக்க வேண்டும்.

படி 6: மென்பொருள்

கணினி வழியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கானது இது. ஆனால் என்விஆர் வாங்குகிறவர்களும் படிக்கலாம். பெட்டிக்குள் இருப்பதும் மென்பொருள்தானே.

முதலில் கேமராவும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் மொழி. ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008-இல் தொடங்கிய ஆன்விஃப் அமைப்பு இதற்கான பொதுத் தரங்களை வகுத்தது. அதில் பிரிவுகள் உண்டு: அடிப்படை வீடியோவுக்கு புரொஃபைல் எஸ், எச்.265 மற்றும் அசைவு நிகழ்வுகளுக்கு புரொஃபைல் டி (T), பதிவுக்கும் தேடலுக்கும் புரொஃபைல் ஜி. "ஆன்விஃப் உண்டு" என்ற ஒரு சொல்லோடு திருப்திப்படாதீர்கள். எந்தப் புரொஃபைல் என்று கேளுங்கள். எஸ் மட்டும் இருந்தால் படம் வரும். கேமரா தானே கண்டுபிடிக்கும் "ஆள் கோடு தாண்டினார்" என்ற செய்தி வேறு நிறுவன ரெக்கார்டருக்குப் போய்ச் சேராமல் போகலாம். நெட்வொர்க்கில் வீடியோவை அனுப்பும் பொது முறையான ஆர்டிஎஸ்பி முகவரியில் ஓடையைத் தரும் கேமரா பெரும்பாலும் எந்த மென்பொருளோடும் இணைந்துவிடும். செயலி வழியாக மட்டுமே பார்க்க விடும் கேமராவை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

விண்டோஸ் கணினி மட்டுமே பழக்கம் என்றால் புளூ ஐரிஸ். கட்டண மென்பொருள், 64 கேமரா வரை ஏற்கும், அமைப்புகள் மிகுதி, பழகச் சில வாரம் ஆகும். தொழில்முறைக் கட்டமைப்பு வேண்டும், ஆனால் கேமரா எட்டுக்குள்தான் என்றால் மைல்ஸ்டோன் நிறுவனத்தின் எக்ஸ்புரொடெக்ட் எசென்ஷியல் பிளஸ் இலவசமாகவே கிடைக்கிறது. பின்னால் பல கிளைகளுக்கு விரியும்போது அதே குடும்பத்தின் கட்டணப் பதிப்புகளுக்கு நகரலாம். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு ஜோன்மைண்டர் நெடுங்காலமாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபிரிகேட். திறந்த மூல மென்பொருள். மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் டாக்கர் வழியாக ஓடுகிறது. இலை அசைந்தாலும் பூனை போனாலும் எச்சரிக்கை அனுப்பும் பழைய முறையை விட்டு, அசைந்தது மனிதரா, வாகனமா, விலங்கா என்று அதுவே பிரித்தறிகிறது. கண்டறிதலுக்குச் சிறிய துணை ஓடையை வினாடிக்கு 5 ஃபிரேம் அளவில் பார்ப்பதால் கணினிக்குச் சுமை குறைவு. பதிவுக்கு முதன்மை ஓடையை அப்படியே எழுதுகிறது. இன்டெல் சிப்பின் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியோ, கூகுள் கோரல் போன்ற சிறு முடுக்கியோ இருந்தால் சிறிய கணினியிலேயே பல கேமராக்களை ஓட்டலாம். எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, எந்த முகமும் வெளியே போவதில்லை என்பதே நான் இதை விரும்பக் காரணம். அமைப்புக் கோப்பைக் கையால் எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்த மென்பொருளானாலும் ஒன்றைச் சரிபாருங்கள்: வரும் ஓடையை மறுபடி சுருக்காமல் நேராக டிஸ்க்கில் எழுதுகிறதா? மறுசுருக்கம் செய்தால் கணினி மூச்சுத்திணறும், தரமும் குறையும். இயங்குதளமும் தரவுத்தளமும் ஒரு எஸ்எஸ்டியில், வீடியோ மட்டும் ஹார்டு டிஸ்க்கில் என்று பிரித்து வையுங்கள். மின்தடை முடிந்ததும் கணினி தானே எழும்படி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) அமைத்து, மென்பொருள் யாரும் உள்நுழையாமலே தொடங்கும்படி சேவையாக நிறுவுங்கள். நள்ளிரவில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்த பிறகு, கடவுச்சொல் கேட்டுக்கொண்டே பதிவின்றி நின்ற கணினிகள் பல.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். விற்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அமைப்பைக் காட்டச் சொல்லுங்கள். "மூன்று நாளுக்கு முன், இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் இந்தக் கதவைக் கடந்தவர்களைக் காட்டுங்கள், அதை பென் டிரைவில் எடுத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். நீங்களே மவுஸைப் பிடித்துச் செய்து பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடியாவிட்டால், பதற்றமான காலை நேரத்தில் அது ஒரு மணி நேரம் ஆகும்.

படி 7: வெளியாரை உள்ளே விடாதீர்கள்

2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றையெல்லாம் படையாகத் திரட்டி டைன் (Dyn) என்ற நிறுவனத்தின், இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் பெயர் வழங்கிகளைத் தாக்கியதில் டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே பலரால் திறக்க முடியாமல் போனது. தங்கள் வாசல் கேமராவும் அதில் சேர்ந்திருந்தது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்; ரெக்கார்டருக்கு ஒன்று, கேமராக்களுக்கு வேறொன்று. வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிடாதீர்கள். சாதனங்கள் தாமே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை அணைத்துவிட்டு, வயர்கார்டு போன்ற விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியில் உள்ளே வாருங்கள். அது முடியாதவர்கள் நிறுவனத்தின் செயலியைப் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டடுக்கு உறுதிப்பாட்டை இயக்கிய பிறகு. அலுவலகத்தில் கேமராக்களுக்குத் தனி விலேன் (நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) அமைத்து, அவை இணையத்துக்கு நேராகப் போக முடியாதபடி தடுங்கள். பார்ப்பவர்களுக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். அதில் அழிக்கும் உரிமை இருக்கக்கூடாது. உள்மென்பொருள் புதுப்பிப்புகளை எத்தனை ஆண்டு தருகிறார்கள் என்பதை வாங்குமுன் நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். பழைய மாதிரிகளுக்குக் கடைசியாக எப்போது வந்தது என்ற தேதியே நம்பத்தகுந்த பதில்.

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு சொல். பல நாடுகளில் காட்சியைவிட ஒலிப்பதிவுக்குச் சட்டம் கடுமையானது. தேவையும் அனுமதியும் உறுதியாகத் தெரியாதவரை அதை அணைத்தே வையுங்கள். பணியாளர்களுக்கும் வந்து போகிறவர்களுக்கும் பதிவு நடப்பதை அறிவிக்கும் பலகை வையுங்கள். அடுத்த வீட்டுச் சன்னல் காட்சிக்குள் வந்தால் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி எல்லா நல்ல கேமராவிலும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

படி 8: பெட்டியை வைக்கும் இடம், மின்சாரம், நேரம்

உள்ளே வந்தவன் முதலில் தேடுவது ரெக்கார்டரைத்தான். அதைத் தொலைக்காட்சிக்குக் கீழேயும் வரவேற்பு மேசைக்குக் கீழேயும் வைத்தால் கையில் எடுத்துக் கொடுத்தது போல. காற்றோட்டமுள்ள பூட்டிய இரும்புப் பெட்டியில், கண்ணில் படாத அறையில் வையுங்கள். காற்றோட்டம் இல்லாத அலமாரியில் அடைத்தால் வெப்பத்தில் டிஸ்க்கின் ஆயுள் குறையும்.

யுபிஎஸ் ரெக்கார்டருக்கு மட்டும் போதாது. ரெக்கார்டர் 20 வாட், கேமரா கேபிள்கள் வந்து சேரும் பிஓஇ ஸ்விட்ச் கேமராக்களோடு 60 வாட், ரவுட்டர் 10 வாட் என்றால் மொத்தம் 90 வாட். ஒரு மணி நேரம் தாங்க 90 வாட்-மணி வேண்டும். ஸ்விட்சை விட்டுவிட்டால் பெட்டி மட்டும் விழித்துக்கொண்டு கேமராக்கள் தூங்கும்.

நேரம் பலரும் அலட்சியம் செய்வது. ரெக்கார்டரின் கடிகாரம் மாதத்துக்குப் பத்து வினாடி விலகினாலும் ஓராண்டில் அது இரண்டு நிமிடமாகும். கதவுப் பதிவேட்டோடும் கைபேசி அழைப்பு நேரத்தோடும் காட்சி பொருந்தாது. என்டிபி வழியாக ரெக்கார்டர் இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கட்டும். கேமராக்கள் ரெக்கார்டரிடமிருந்து எடுக்கட்டும்.

படி 9: மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

மாதத்தின் முதல் நாள், பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கேமராவிலும் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று பார்த்து எழுதுங்கள். 30 நாள் இருக்க வேண்டிய இடத்தில் 19 நாள்தான் இருக்கிறது என்றால் பிட்ரேட் மாறியிருக்கிறது, அல்லது ஒரு டிஸ்க் விழுந்திருக்கிறது. ஏதாவது ஓர் இரவின் 3 மணிக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். சிலந்தி வலை கட்டிய கேமரா இரவில் வெண்மூட்டமாகத் தெரியும். டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலை அறிக்கையைத் திறந்து, எச்சரிக்கை உண்டா என்று பாருங்கள். டிஸ்க் பழுது, கேமரா துண்டிப்பு ஆகிய இரண்டுக்கும் மின்னஞ்சலோ கைபேசி அறிவிப்போ வரும்படி அமைத்து, ஒரு கேமராவின் கேபிளைப் பிடுங்கி அது உண்மையில் வருகிறதா என்று சோதியுங்கள்.

படி 10: சம்பவம் நடந்தபின்

முதலில் அந்தக் காட்சியைப் பூட்டுங்கள். பல ரெக்கார்டர்களில் குறிப்பிட்ட துண்டின்மேல் புதிய பதிவு எழுதப்படாமல் தடுக்கும் வசதி இருக்கிறது. அது இல்லையென்றால் உடனே வெளியே எடுங்கள். நாட்கள் நகர நகரப் பெட்டி பழையதை அழித்துக்கொண்டே வரும். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, எல்லாக் கேமராக்களிலிருந்தும் எடுங்கள். வாசல் கேமராவில் முகம் மறைத்து வந்தவர், தெருமுனைக் கேமராவில் முகத்தோடு நடந்து வந்திருக்கலாம்.

இரண்டு வடிவத்தில் எடுங்கள்: எங்கும் ஓடும் எம்பி4 ஒன்று, ரெக்கார்டரின் சொந்த வடிவம் அதற்குரிய பிளேயரோடு ஒன்று. சொந்த வடிவத்தில்தான் பெரும்பாலும் மாற்றம் செய்யப்படவில்லை என்பதைக் காட்டும் மின்குறி இருக்கும். எடுத்த கோப்புக்கு எஸ்எச்ஏ-256 (கோப்பின் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு எழுதி வைத்தால், பின்னால் யாராவது "இது வெட்டி ஒட்டியது" என்று சொன்னாலும் நீங்கள் எடுத்தபின் கோப்பு மாறவில்லை என்று நிறுவலாம். ரெக்கார்டரின் நேரமும் உண்மையான நேரமும் எத்தனை வினாடி வேறுபடுகின்றன, எடுத்தவர் யார், எந்தத் தேதி, எந்தச் சாதனத்திலிருந்து என்று ஒரு தாளில் குறித்துக் கையெழுத்திடுங்கள். ஒரு நகலைக் காவல் துறையிடம் கொடுங்கள், மூலத்தை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வழியாக அனுப்பாதீர்கள். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும், 250 பிக்சலுக்காக இத்தனை பாடுபட்டுப் பதிந்த முகம் அங்கேயே கரைந்துவிடும். பென் டிரைவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.